பூட்டுத் துவாரத்துக்கு இந்தப் பக்கம்

நம் வயதுக்காரிகளில் யாருக்காவது பயம் வந்தால் ஒரு கை மட்டும் வியர்க்கிறதா? எனக்கு வியர்க்கும். இடது கை. வலது கை தன் பாட்டுக்கு உலர்ந்து கிடக்கும். டாக்டரிடம் சொன்னேன். அவர் சின்னப் பையன். வயதானால் இப்படித்தான் என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவருக்கு என்ன தெரியும்? இது வயதால் வந்ததில்லை. எனக்குப் பதினோரு வயதில், இலங்கை மலைநாட்டுப் பதுளையில், மழை பிடித்துக்கொண்ட ஒரு புரட்டாசியில் வந்தது.

அந்தக் காலத்துப் பதுளையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அதற்கப்பால் மாட்டு வண்டிதான். நமுனுகுல மலை காலையில் தெரிந்தால் மத்தியானம் மழை, தெரியாவிட்டால் காலையிலேயே மழை. செருப்பிலும் பெல்ட்டிலும் பச்சையாகப் பூசணம் பூக்கும். அப்பாவுக்குக் கடைவீதியில் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு எங்கள் வண்டிதான் போகும். கூலியாட்களின் லயங்களுக்கு அரிசியும் கருவாடும், பங்களாக்களுக்குப் பிஸ்கட் டின்னும் மெழுகுவர்த்தியும்.

அங்கே ஒரு துரை தோட்டத்தை விட்டுத் தன் சீமைக்கே திரும்பிப் போனார். பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார்கள். அப்பா ஒரு மேசை வாங்கி வருகிறேன் என்று போனவர், பியானோவோடு வந்தார். மடுல்சீமைப் பாதை அப்போது பாதையா என்ன? வண்டி இறங்காத இடத்திலெல்லாம் ஒரு கங்காணி தன் ஆட்களை விட்டுத் தோள் கொடுத்து இறக்கி அனுப்பினாராம். நடுக்கூடத்தில் அதை வைத்தபோது வீடே சின்னதாகப் போய்விட்டது. கறையான் ஏறாமலிருக்க நாலு காலுக்கும் தகரக் குவளையில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தார்கள். முன்னால் மெழுகுவர்த்தி வைக்க இரண்டு பித்தளைக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மூடியின் நட்ட நடுவில் பித்தளைப் பூட்டுத் துவாரம். சாவி மட்டும் பங்களாவிலிருந்து வரவேயில்லை. அதனால் அது எப்போதும் பூட்டாத பெட்டி. கடைப் பையன்கள் அதற்கு ‘தொரைப் பெட்டி’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பித்தளைக் கைகள் இப்போது யார் வீட்டில் என்ன தாங்கிக்கொண்டிருக்கின்றனவோ.

எதற்கு இது என்று அம்மா கேட்கவில்லை. அம்மா எதையும் எதற்கு என்று கேட்க மாட்டாள். விவரம் தெரியாதவள் என்று அப்பா சொல்வார். அப்பா சொன்னால் வீடு முழுவதும் சொல்லும்.

எதற்கு என்பது எனக்குக் கொஞ்ச நாளில் தெரிந்தது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே பெரிய பெண்களுக்கு வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா பியானோ கற்றுக்கொடுப்பார். அப்பா நேரே போய், எங்கள் வீட்டில் பெட்டி இருக்கிறது, பிள்ளையும் இருக்கிறது என்று சொல்லி என்னைச் சேர்த்துவிட்டார். சாமான் வாங்கும் துரைமார்கள் முன்னால் தன் மகள் அவர்கள் வாத்தியத்தை வாசிக்க வேண்டும். அவ்வளவுதான் அப்பாவின் ஆசை. சின்ன ஆசைதான். அதைத் தூக்கிக்கொண்டு நடந்தது நானல்லவா?

மிஸ்ஸியம்மா தமிழை வேதப் புத்தகத்திலிருந்து கற்றவர். பிள்ளைகளிடம்கூடப் பிரசங்கத் தமிழில்தான் பேசுவார். “மகளே, உன் சுண்டுவிரல் ஏன் துக்கமாயிருக்கிறது?” என்பார். சிரித்தால் கோபிக்கமாட்டார், தானும் சிரிப்பார். எனக்கு அவர் கொடுத்த பாடம் ஜெர்மன் தேசத்துக்காரர் ஒருவர் எழுதிய மெதுவான ஒரு துண்டு. அதன் பெயர் என் வாயில் ஒரு நாளும் நுழைந்ததில்லை. அதனால் வீட்டில் அது வெறும் ‘பாட்டு’. வலது கை ராகத்தை இழுத்துக்கொண்டு போகும். இடது கை கீழே ஒரு கட்டையைத் தொட்டு, மேலே இரண்டு தரம் மெல்லத் தட்டும். தும், தா, தா. தும், தா, தா. கேட்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும். அது இல்லாவிட்டால் ராகம் அந்தரத்தில் தொங்கும்.

மிஸ்ஸியம்மாவின் முறை கண்டிப்பானது. முதலில் வலது கைக்கு மட்டும் பாடம், கடைசி வரை. அது பிசகில்லாமல் வந்த பிறகுதான் இடது கைக்கு மட்டும், மறுபடி முதலிலிருந்து. “இரண்டும் தனித்தனியே உண்மையாயிருந்தால், அதன் பிறகு விவாகம்” என்பார். விளையாட்டாகத்தான் சொன்னார். அந்த வார்த்தை என்னைப் பயமுறுத்த ஆரம்பித்தது ஆவணியில், எங்கள் அத்தை வந்த பிறகு.

அத்தை அப்பாவுக்கு அக்கா. திருச்சிப் பக்கத்து ஊரிலிருந்து, தூத்துக்குடியில் கப்பலேறி, பண்டாரவளையில் ரயில் இறங்கி, வண்டியில் வந்து சேர்ந்தாள். வந்தவுடன் என் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தாள். “வெரலு நல்லா நீளம். பூத்தொடுக்க நல்லாயிருக்கும்” என்றாள். தன் மகனுக்கு என்னைக் கேட்டு வந்திருக்கிறாள் என்பது அன்று இரவு சாப்பாட்டின் போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பெரியவர்கள் நம்மை வைத்துக்கொண்டுதானே நம்மைப் பற்றிப் பேசுவார்கள்.

“பொண்ணு வளந்துருச்சு தம்பி. இந்தக் குளிருக்குள்ள இன்னும் எதுக்கு வெச்சுக்கிட்டு? நான் போறப்ப கூட்டிட்டுப் போயிர்றேன். தையில முடிச்சிருவோம்.”

“கூட்டிட்டுப் போங்கக்கா. நான் வேணாங்கல” என்றார் அப்பா. “ஆனா பள்ளிக்கூடத்துல பரிசளிப்பு வருது. கவர்மெண்டு ஏஜண்டு தொரை வர்றாரு. தோட்டத்துத் தொரைமாருங்க அத்தன பேரும் வர்றாங்க. எம்மக ரெண்டு கையாலயும் அந்தப் பாட்ட வாசிச்சுக் காட்டிட்டுத்தான் கப்பல் ஏறுவா. கடவீதி பூரா சொல்லிட்டேன்.”

“பாட்டு முடிஞ்சா அனுப்பிருவியே?”

“முடிஞ்சா அனுப்பிர்றேன்.”

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்பாவின் இலைக்கு மேலே கொஞ்சம் நின்றது. பிறகு ஊற்றினாள்.

மறுநாளே அத்தை கடையிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்துவரச் சொன்னாள். மூடியில் ரோசாப்பூப் போட்ட பெட்டி. அதை எங்கே வைப்பது? நடுக்கூடத்தில் பியானோவின் இடது காலுக்குப் பக்கத்தில்தான் இடமிருந்தது. அங்கே வைத்தாள். ஊரிலிருந்து எனக்குக் கொண்டுவந்த பட்டுப் பாவாடை முதலில் உள்ளே போனது. நான் ராகத்தில் ஒரு வரி தேறினால், “நல்லா வருதே” என்று அத்தை உள்ளிருந்து வந்து கேட்பாள். திரும்பிப் போகும்போது என் துணியில் ஏதாவது ஒன்றை மடித்து அதில் போடுவாள். வேண்டுமென்று செய்யவில்லை. கொடியில் காய்ந்ததை மடித்தாள், அவ்வளவுதான். எனக்கு மட்டும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு துணியாக நான் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

அந்தப் பயத்தை எப்படிச் சொல்வது? நான் பார்க்காத ஊர். பார்க்காத பையன். எனக்கு நான்கு வயது மூத்தவனாம், குரல் உடைந்துவிட்டதாம். அங்கே மழை பெய்யாதாம். பள்ளிக்கூடம் கிடையாது. அம்மா கிடையாது. அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். அம்மா கிடையாது.

தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. பாட்டை முடிக்கக் கூடாது. மெதுவாகக் கற்கலாம், மறந்துபோனதாகச் சொல்லலாம் என்று தீர்மானம் செய்துகொண்டு உட்காருவேன். வலது கை என் பேச்சைக் கேட்கவில்லை. அதற்கு அந்த ராகம் பிடித்துப்போய்விட்டது. எனக்கும் பிடித்திருந்தது என்பதுதான் உண்மை. மழைச் சத்தத்துக்கு நடுவில் அந்த மேல்கட்டைகள் பேசும்போது, முடியக் கூடாது என்று பயந்துகொண்டே அடுத்த வரிக்குப் போய்விடுவேன். நவராத்திரிக்கு முன்பே வலது கை கடைசிவரை தேறிவிட்டது. மிஸ்ஸியம்மா என்னைக் கட்டிக்கொண்டு, “இனி இடது கை, மகளே” என்றார். பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரை அழுதுகொண்டே வந்தேன். மழையில் யாருக்கும் தெரியவில்லை.

இடது கைக்கு அப்போது பிடித்ததுதான் இந்த வியர்வை. கட்டை வழுக்கும். பாவாடையில் துடைப்பேன், மறுபடி வைப்பேன், மறுபடி வழுக்கும். ஆனாலும் அது சோம்பேறிக் கையில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பியானோவில் வாரம் ஒரு பாடம்தான். மற்ற நேரமெல்லாம் பெரிய பெண்களின் கூட்டுப் பாட்டுக்கு அது வேண்டும். எனக்கு வீட்டுப் பெட்டிதான் எல்லாமே.

ஒரு மத்தியானம். அப்பா கடையில். அத்தை உண்ட மயக்கத்தில் படுத்திருந்தாள். நான் முதல் வரிக்கு மட்டும், மிஸ்ஸியம்மாவுக்குத் தெரியாமல், இரண்டு கையையும் சேர்த்துப் பார்த்தேன். சேர்ந்துவிட்டது. அந்தரத்தில் தொங்கிய ராகம் தரையில் கால் வைத்து நின்றது. நான் அப்படியே பயந்துபோய்க் கையை எடுத்துக்கொண்டேன். திரும்பினால் அடுக்களை வாசலில் அம்மா, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“முடிஞ்சிருச்சா?” என்றாள்.

“இல்லம்மா. சோத்துக் கை முடிஞ்சிருச்சு. பீச்சாங்கைதான் பாக்கி. அதுவும் பாதி வந்துருச்சு.”

“அது எந்தப் பக்கம் வாசிக்கிறது?”

அம்மா அந்தப் பெட்டியைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. நான் காட்டினேன். பூட்டுத் துவாரத்துக்கு அந்தப் பக்கமெல்லாம் வலது கைக்கு, இந்தப் பக்கமெல்லாம் இடது கைக்கு. உண்மையில் கைகள் அங்கேயும் இங்கேயும் போகும். ஆனால் என் பாட்டுக்கு அந்தக் கணக்குச் சரியாகவே இருந்தது. அம்மா பக்கத்தில் வந்தாள். துவாரத்திலிருந்து இடதுகோடி வரை, கட்டைகளைத் தொடாமல், மேலாக விரலை ஓட்டினாள். கீழே தகரப் பெட்டி இருந்தது. அதையும் பார்த்தாள்.

“இவ்வளவுதானா?” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

சரஸ்வதி பூசை வந்தது. நம் வீடுகளில் அன்று படிக்கக் கூடாது, வாசிக்கக் கூடாது. புத்தகமும் தராசும் படியும் வண்டி நுகத்தடியும் எல்லாம் சாமி முன்னால் ஓய்வெடுக்கும். மறுநாள் விசயதசமி காலையில் மறுபடி தொட்டுத் தொடங்குவோம். எனக்கு ஒரு நாள் கப்பல் தள்ளிப் போனது போன்ற நிம்மதி. துரைப் பெட்டியையும் பூசையில் வைக்க வேண்டும் என்றார் அப்பா. அதைச் சாமி முன்னால் நகர்த்த முடியாது. ஆகவே சாமி படத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள்.

“பொட்டு நான் வெக்கிறேன்” என்று அத்தை எழுந்தாள்.

“நீங்க உக்காருங்க மதினி. பிரயாணம் வந்த ஒடம்பு. நான் பாத்துக்கிறேன்” என்றாள் அம்மா.

அன்று காலையிலிருந்து அம்மா சந்தனம் அரைத்தாள். பன்னீர் விட்டு விட்டு அரைத்தாள். வீடெல்லாம் மணத்தது. பெரிய பித்தளைக் கிண்ணம் நிறையச் சந்தனம். எல்லாவற்றுக்கும் அவள்தான் பொட்டு வைத்தாள். தீபாராதனை முடிந்து, கலசத்துத் தீர்த்தம் தெளித்து, நாங்கள் எல்லோரும் சுண்டலுக்கு உட்கார்ந்த பிறகு, கூடத்தில் தனியாக நின்று பெட்டியின் கட்டைகளுக்கு வைத்தாள். அப்பா தந்த புதுப் பட்டுத் துணியால் மூடினாள்.

காலையில் கூடத்தில் கூட்டம். கடைப் பையன்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். அப்பா தலைப்பாகை கட்டிக்கொண்டு நின்றார். எனக்குப் பட்டுப் பாவாடை, தகரப் பெட்டியிலிருந்து எடுத்தது.

“தொடங்கு பாப்பா. ரெண்டு கையாலயும்.”

வலது கையை வைத்தேன். ஒவ்வொரு வெள்ளைக் கட்டையிலும் ஒரு குங்குமப் புள்ளி, காய்ந்த பொடியாக. ராகம் ஒழுங்காக வந்தது. இடது கையை வைத்தேன். கீழ்க்கட்டை இறங்கியது. ஏறவில்லை. அடுத்ததைத் தொட்டேன். அதுவும் இறங்கி அப்படியே கிடந்தது. மூன்றாவது இறங்கவேயில்லை. எள்ளுருண்டை கடித்த பல்லைப்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. சந்துக்குச் சந்து சந்தனம் இறங்கி, மழை ஈரத்தில் மரம் ஊறி உப்பி, மேலே மஞ்சளாகக் காய்ந்து வெடித்திருந்தது. என் கை அதற்குள் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. கூடத்தில் யாரோ சிரித்தார்கள்.

அப்பா என்னைத் தள்ளிவிட்டு ஒரு கட்டையை நகத்தால் நெம்பினார். அது எழும்பவில்லை, மேல் தகடுதான் ஒரு சில்லுப் பெயர்ந்தது. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

“விவரங்கெட்டவளே! பொட்டு வெக்கச் சொன்னா பூசி மெழுகியா வெச்சிருக்க?”

“சாமி காரியமுங்க” என்றாள் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு. “கை தாராளமா போயிருச்சு.”

“நல்ல வேள, அந்தப் பக்கம் போறதுக்குள்ள சந்தனம் தீந்துபோச்சு. இல்லாட்டி முழுசையும் கொன்னுருப்பா” என்றார் பக்கத்துக் கடைக்காரர். அப்பாவும் அதையே நினைத்துக்கொண்டார். நானும்.

அன்று மத்தியானம் முழுவதும் வைத்தியம். கடைப் பையன்கள் கத்தி முனையால் சுரண்டினார்கள். அப்பா தூபக்காலில் கரி நெருப்பைப் போட்டுப் பெட்டிக்கடியில் வைத்துக் காயவைக்கப் பார்த்தார். மண்ணெண்ணெய்க் குவளை ஞாபகம் வந்து அலறிக்கொண்டு இழுத்தார். வீடு தப்பியது. பங்களாப் பியானோக்களைத் திருத்த ஒருவர் கொழும்பிலிருந்து மழை விட்ட பிறகுதான், தை மாசிக்குத்தான் வருவார் என்று தெரிந்தது. பரிசளிப்போ மழை விடுவதற்கு முன்பு. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து விம்மினேன். பாட்டு முடியாது என்ற சந்தோஷம் ஒரு பக்கம். அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார், எப்படியும் அனுப்பிவிடுவாரோ என்ற பயம் ஒரு பக்கம். என் இடது கைப் பக்கம் செத்துப்போனதே என்ற துக்கமும் இருந்தது. எதற்கு அழுதேன் என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் தாம்பூலம் வாங்கப் பெண்கள் வந்தார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் குங்குமம் கொடுத்து, கழுத்தில் சந்தனம் பூசிவிட்டாள். கடைசியாக அத்தை. அத்தை கழுத்தைக் காட்டக் குனிந்தவள், கிண்ணத்துக்குள் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சந்தனம் நெறைய மிச்சமிருக்கே” என்றாள்.

“ஆமா மதினி. கூடவே அரைச்சுட்டேன்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே மழை. நான் சுண்டலில் தேங்காய்ச் சில்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் அத்தை, “பாப்பாவுக்கும் கொஞ்சம் வெச்சு விடு” என்றாள்.

மிஸ்ஸியம்மா வீட்டுக்கு வந்து பார்த்தார். கட்டையை முகர்ந்தார். “இத்தனை வாசனையான நாசத்தை நான் கண்டதில்லை” என்றார். அம்மாவைப் பார்த்துக் கோபப்படாமல் தலையை ஆட்டினார். பழகாத கையோடு என்னைத் துரைமார்கள் முன்னால் உட்காரவைக்க அவருக்கு மனம் வரவில்லை. “ராகம் உன்னுடையது. இடது கை என்னுடையதாயிருக்கட்டும்” என்றார். அப்பா கெஞ்சிப் பார்த்தார். மிஸ்ஸியம்மா மசியவில்லை.

பரிசளிப்பு அன்று மண்டபத்தில் ஈரக் குடை நாற்றமும் சீமைச் சோப்பு வாசனையும். முன்வரிசையில் ஏஜண்டு துரையும் துரைசானிகளும். நடுவில் கோட்டுப் போட்ட அப்பா. ஓரத்து பெஞ்சில் அம்மாவும் அத்தையும். நானும் மிஸ்ஸியம்மாவும் ஒரே பலகையில் உட்கார்ந்தோம். என் இடது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். ஏனென்றால் அதற்குப் பாதி தெரியும். எங்கே தானாக எழுந்துவிடுமோ, எழுந்து வாசித்து, எல்லாம் முடிந்துவிட்டது என்று அத்தை நினைத்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். மிஸ்ஸியம்மாவின் பெரிய வெள்ளைக் கை என் பக்கத்தில் தும், தா, தா என்று நடந்தது. என் ராகம் அதன் மேலே நடந்தது. தொடைக்கடியில் என் விரல்கள் ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது துடித்ததை நான் மட்டும் அறிவேன். முடிந்ததும் கைதட்டினார்கள். அப்பா தட்டவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பா கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். இப்போது சொல்லிவிடுவார்கள் என்று காத்திருந்தேன்.

“அந்தம்மா கை எதுக்கு நடுவுல வந்துச்சு?” என்றாள் அத்தை.

“அதான் தெரியுமேக்கா. இன்னும் பாடம் முடியல” என்றார் அப்பா. அவமானத்தில் குரல் கம்மியிருந்தது. “ஆனா ஒங்ககிட்டச் சொல்லிட்டேன். நீங்க கூட்டிட்டுப் போறதுன்னா…”

அம்மா அடுக்களை வாசலில் நின்றாள். அத்தை என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தாள்.

“பாட்டு முடிஞ்சாத்தானே தம்பி பேச்சு? பாதிப் பாடத்தோட கூட்டிட்டுப் போனா கடவீதி உன்னையத்தானே பாத்துச் சிரிக்கும்? சாமிக்கு வெச்சுத் தொடங்குனது. முடிக்கட்டும்.”

“தையில முகூர்த்தம்னீங்களே?”

“எம்மவனுக்குப் பொண்ணா இல்ல?”

அவ்வளவுதான். புறப்படும் நாளில் அத்தையே தகரப் பெட்டியைத் திறந்து என் துணிகளை ஒவ்வொன்றாகப் பாயில் எடுத்து வைத்தாள். பட்டுப் பாவாடையையும் வைத்தாள். காலிப் பெட்டியில் தேயிலைப் பொட்டலங்களை அடுக்கிக்கொண்டாள். வண்டி ஏறும்போது என் தாடையைத் தொட்டு, “நல்லா கத்துக்க. அவசரப்படாத” என்றாள். தையில் அவள் மகனுக்கு ஊரிலேயே கல்யாணம் நடந்தது. அந்தச் செய்தியைத் தூத்துக்குடிக்குச் சரக்கு வாங்கப் போய்த் திரும்பிய கடைக் கணக்குப்பிள்ளை கொண்டுவந்தார். அத்தையை நான் பிறகு பார்க்கவேயில்லை. அவளைப் பேய் மாதிரி நினைத்துப் பயந்த பிள்ளை நான். அவளையும் பதினோரு வயதில் யாராவது பெட்டி கட்டி அழைத்துப் போயிருப்பார்களோ என்று நினைக்க எனக்குத் தலை நரைக்க வேண்டியிருந்தது.

மழை விட்டதும் கொழும்பிலிருந்து பியானோ திருத்துகிறவர் வந்தார். பறங்கிக்காரர், சிவப்பு மூக்கு. கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாயில் வரிசையாகப் படுக்கவைத்தார். நடுக்கூடம் மறுபடியும் சரஸ்வதி பூசையாக மணத்தது.

“இது என்ன வேலை?” என்றார் தன் உடைந்த தமிழில். “பூட்டுக்கு இந்தப் பக்கம் பூரா உள்ளே வரைக்கும் ஊத்தியிருக்கு. அந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லே.”

நான் பாயைப் பார்த்தேன். மஞ்சள் படிந்த கட்டைகள் ஒரு பக்கம், சுத்தமான கட்டைகள் ஒரு பக்கம். பிரிவு பூட்டுத் துவாரத்துக்கு நேரே இருந்தது. அம்மா அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பாயின் பக்கம் திரும்பாமலே போனாள்.

அப்போதே புரிந்துவிட்டது என்று சொன்னால் பொய். எனக்கு ஒரு பெண் பிறந்து, அவளுக்கும் ஒரு வரன் வந்து, வேண்டாம் என்று நான் சத்தமாகச் சொன்ன அன்றைக்குத்தான் அந்தக் கிண்ணம் ஞாபகம் வந்தது. சந்தனம் தீர்ந்துபோகவில்லை. பாதிக் கிண்ணம் மிச்சமிருந்தது. அம்மாவுக்கு அந்த வீட்டில் வேண்டாம் என்று சொல்ல வாயில்லை. பூசை செய்ய மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதைக் கொண்டு செய்தாள். அம்மா சாகும்வரை எங்கள் வீட்டில் அது சிரிப்புக் கதை: விவரங்கெட்ட மருமகள் துரைப் பெட்டிக்குச் சந்தனக்காப்புச் சாத்திய கதை. சொல்லும்போதெல்லாம் அம்மாவும் கூடவே சிரிப்பாள்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கட்டைகள் திருந்திய பிறகு, அந்த வெயில் காலத்திலேயே இடது கைப் பாடத்தை முடித்தேன். மிஸ்ஸியம்மா விவாகத்துக்கு உத்தரவு கொடுத்தார். ஒரு மத்தியானம், அப்பா கடையில் இருந்தபோது, முதலிலிருந்து கடைசிவரை இரண்டு கையாலும் வாசித்தேன். கடைசிக் கட்டையின் ஓசை அடங்கும்போது அடுக்களை வாசலில் அம்மா.

“முடிஞ்சிருச்சா?” என்றாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

“முடிஞ்சிருச்சும்மா. முழுசா.”

அம்மா பியானோவின் இடது காலைப் பார்த்தாள். அங்கே தகரப் பெட்டி இல்லை. பெட்டி இருந்த தடம்தான் சிமெண்டில் துருவாகப் பதிந்திருந்தது. மூச்சை விட்டாள். வந்து அந்தத் தடத்தின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“அப்ப இன்னொரு தடவ வாசி” என்றாள்.

வாசித்தேன். அன்று மட்டும் கை வியர்க்கவில்லை.